இல்லறத்தில் நின்ற திருத்தொண்டு: கத்தோலிக்கத் தியாக்கோன் நிலை பற்றி ஒரு சமணனின் குறிப்புகள்

மும்பையில் நாம் எல்லாரும் ஒரே மாடிப்படியை ஏறி இறங்குகிறவர்கள். ஒரு வீட்டில் முருகன் படம், அடுத்த வீட்டில் வேளாங்கண்ணி மாதா, மேல்மாடியில் ஐந்து வேளைத் தொழுகை, எங்கள் வீட்டில் பார்சுவநாதர். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்கிறோம். ஆனால் தட்டு மாறிய அளவுக்கு விஷயம் மாறியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சமயத்தில் யார் என்ன செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். அந்தக் குறையில் ஒரு சிறு பகுதியையாவது போக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தோலிக்கர்களைப் பற்றி நமக்குப் பொதுவாகத் தெரிந்தது இவ்வளவுதான்: கோயிலில் பூசை செய்பவர் 'ஃபாதர்', அவருக்கு மேலே 'பிஷப்', எல்லாருக்கும் மேலே ரோமாபுரியில் போப்பாண்டவர். இவர்கள் யாரும் மணம் செய்துகொள்வதில்லை. ஆனால் திருச்சபையின் கணக்கில் திருநிலை மூன்று. ஆயர், குரு, மூன்றாவதாகத் திருத்தொண்டர். இந்த மூன்றாம் நிலையில் மனைவி மக்களோடு வாழ்ந்து, காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற ஆண்களும் இருக்கிறார்கள். சொல்லப்போனால் இது கத்தோலிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாத செய்தி. நம் நாட்டில் இப்படிப்பட்டவர்கள் மிக அரிது. ஆனால் மும்பை உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தகப்பனார் தூத்துக்குடிப் பக்கம். இவர் பிறந்து வளர்ந்தது இங்கே. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர். என் பாத்திரக் கடைக்கு வெகுநாளாக வருகிறவர். என்னை 'அண்ணாச்சி' என்பார். நான் அவரை 'சார்' என்பேன். அவருக்குத் திருநிலை கிடைத்த பிறகும் அந்தக் கூப்பீடு மாறவில்லை. இதில் நான் எழுதுவது பாதி நூல்களில் படித்தது. பாதி அவர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது.

சொல்லும் பொருளும்

கிரேக்க மொழியில் 'தியாக்கோனோஸ்' என்றால் ஏவல் செய்பவன், பணிவிடை செய்பவன் என்று பொருள். பந்தியில் பரிமாறுகிறவனுக்கும் அதே சொல்தான். அதிலிருந்து வந்ததே 'தியாக்கோன்'. ஆங்கில வழியாக நாம் 'டீக்கன்' என்கிறோம். சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் வேதாகமத்தில் இவர்களுக்கு 'உதவிக்காரர்' என்று பெயர். அச்சொல்லைக் கேட்டதுமே பொருள் விளங்கிவிடுகிறது. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் 'செம்மாசன்' என்பார்கள். அது சிரியாக் மொழிச் சொல். அதற்கும் பணிசெய்பவன் என்றே அர்த்தம்.

இன்றைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் வழங்கும் சொல் 'திருத்தொண்டர்'. இது சைவர்களுக்கு மிகவும் நெருங்கிய சொல். சேக்கிழார் தம் நூலுக்கு இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம். அந்நூலில் வரும் அப்பர் சுவாமிகள் முன்னாளில் தருமசேனர் என்ற பெயரில் எங்கள் சமயத்தில் இருந்தவர் என்பது வரலாறு. எங்களை விட்டுப் போனவர்தான். ஆனாலும் கையில் உழவாரத்தை எடுத்துக் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினாரே, அதை நினைத்து மதிக்காமல் இருக்க முடியவில்லை. 'தொண்டர்' என்ற சொல்லுக்குத் தமிழில் இப்படி ஒரு கனம் இருப்பதால், கத்தோலிக்கர்கள் அதைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே எனலாம்.

ஏழு பேரும் ஆயிரத்து ஐந்நூறு பேரும்

இந்த நிலை எப்படித் தோன்றியது? கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டில் 'திருத்தூதர் பணிகள்' என்னும் நூலின் 6-ஆம் அதிகாரத்தில் செய்தி இருக்கிறது. எருசலேமில் இருந்த முதல் சபையில் இரண்டு மொழிக்காரர்கள் இருந்தார்கள். எபிரேயம் பேசுகிற உள்ளூர்க்காரர் ஒரு பக்கம். வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய கிரேக்கம் பேசுகிறவர்கள் ஒரு பக்கம். அன்றாடம் உணவு பங்கிடும்போது கிரேக்கம் பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் பன்னிருவரும் கூடிப் பேசினார்கள். போதனையை விட்டுவிட்டுப் பந்தி விசாரிக்கத் தங்களால் முடியாது என்று சொல்லி, நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தலைமேல் கைவைத்து வேண்டி, அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முதலாமவர் ஸ்தேவான். அந்நூல் இவர்களை நேரடியாகத் தியாக்கோன் என்று பெயர் சொல்லி அழைக்கவில்லை. பின்வந்த மரபு இவர்களையே முதல் தியாக்கோன்களாகக் கொண்டது.

மலர் படிக்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழைக்க வந்த இடத்தில், வேற்று மொழி பேசுகிற ஏழைப் பெண்களுக்குச் சோறு சரியாகக் கிடைக்கவில்லை என்ற புகாரிலிருந்து தோன்றிய பதவி இது. நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட எளிதாக விளங்கும் தோற்றக் கதை வேறு எது?

சுமார் இருநூறு ஆண்டு கழித்து, 251-ஆம் ஆண்டு வாக்கில், ரோமாபுரி ஆயர் கொர்னேலியுஸ் ஒரு கடிதம் எழுதினார். அதில் தம் சபையின் கணக்கைத் தருகிறார். குருக்கள் 46 பேர். தியாக்கோன்கள் 7 பேர். சபை உணவளித்துக் காக்கும் விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கும் மேல். குருக்கள் இத்தனை பேர் இருந்தும் தியாக்கோன்கள் ஏழுக்கு மேல் இல்லை. எருசலேமின் அந்த ஏழை மாற்ற மனமில்லை போலும். நகரத்தை ஏழு வட்டாரமாகப் பிரித்து வட்டாரத்துக்கு ஒருவராகப் பார்த்தார்கள். ஒருவர் தலைக்கு இருநூறு பேருக்கு மேல். யார் படுக்கையில் கிடக்கிறார், யாருக்குத் துணி இல்லை, யார் புதிதாக வந்து சேர்ந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ரோமாபுரித் தியாக்கோன்களில் புகழ் பெற்றவர் லாரன்ஸ். 258-இல், வலேரியன் அரசன் காலத்தில், திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்கும்படி அதிகாரி கட்டளையிட்டான். இவர் அவகாசம் கேட்டு, இருந்ததை எல்லாம் ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, நொண்டி, குருடர், விதவை, அநாதை எல்லாரையும் திரட்டிக்கொண்டுபோய் நிறுத்தி இவர்கள்தாம் சபையின் செல்வம் என்று காட்டினாராம். உயிரை இழந்தார். ஆகஸ்ட் 10 அவர் திருநாள்.

இன்னொருவர் சிரியா தேசத்து எஃப்ரேம். பெரும் கவிஞர், ஆயிரக்கணக்கான வரிகள் பாடியவர். கடைசிவரை குருவாகாமல் தியாக்கோனாகவே இருந்து 373-இல் மறைந்தார். அவர் இருந்த எதெஸ்ஸா நகரில் கடும் பஞ்சம் வந்தது. செல்வர்கள் தானியத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். கேட்டபோது, 'கொடுக்கத் தயார், ஆனால் நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் இல்லையே. எல்லாரும் இதையே வியாபாரமாக்கிவிடுவார்கள்' என்றார்களாம். என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எஃப்ரேம் கேட்டார். அவர்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. பணம் வந்தது, சுமார் 300 படுக்கைகள் போட்டுப் பட்டினியால் விழுந்தவர்களைக் காத்தார் என்று பழைய வரலாறு கூறுகிறது. கல்லாவில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவனுக்கு இக்கதையின் உயிர் எங்கே என்று தெரியும். பணம் இல்லாமல் தருமம் நின்றுபோவது குறைவு; நம்பகமான ஆள் இல்லாமல் நின்றுபோவதே அதிகம்.

மறைந்ததும் மீண்டதும்

இவ்வளவு சிறப்பாக இருந்த நிலை பிறகு தேய்ந்துபோனது. காரணம் ஒன்றல்ல. ஆயரின் வலக்கையாக இருந்து பணத்தையும் கையாண்டதால் தியாக்கோன்களில் சிலருக்குச் செருக்கு ஏறியது. 325-இல் நடந்த நைசியா பொதுச்சங்கமே அவர்கள் தங்கள் எல்லையில் நிற்க வேண்டும் என்று ஒரு விதி செய்ய வேண்டியதாயிற்று. பின்னர் ஏழைகளையும் நோயாளிகளையும் கவனிக்கும் வேலை மடங்கள் பக்கம் போயிற்று. மேற்குத் திருச்சபையில் தியாக்கோன் நிலை என்பது குருவாகப் போகிறவர் சில மாதம் தங்கிச் செல்லும் படியாகச் சுருங்கியது. ஏறக்குறைய ஆயிரம் வருஷம் அப்படித்தான் இருந்தது. கீழைத் திருச்சபைகளில் மட்டும் அது தனி நிலையாகவே தொடர்ந்தது.

மீண்டு வந்த கதை துயரமானது. இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லர் ஆட்சியில் டாக்கோ சிறைமுகாமில் குருமார்களை அடைப்பதற்கென்றே தனிக் கொட்டடிகள் இருந்தன. சுமார் 2,700 குருமார்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். ஆயிரம் பேர் அளவில் அங்கேயே மாண்டார்கள். பசியோடும் நோயோடும் கிடந்த அவர்களில் சிலர் தங்களுக்குள் விவாதித்தார்கள். நம் திருச்சபை மக்களின் அன்றாட வாழ்விலிருந்து ஏன் இவ்வளவு விலகிப் போயிற்று? தொழிற்சாலையிலும் கடைவீதியிலும் நிற்கிற மனிதர்களிலிருந்து பணியாளர்கள் வந்தால் என்ன? பிழைத்து வெளியே வந்த சிலர் இதைப் பற்றிப் பத்திரிகையிலும் நூலிலும் எழுதினார்கள். அந்தப் பொறி பரவி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை போயிற்று. 1964 நவம்பர் 21 அன்று வெளியான திருச்சபை பற்றிய சாசனத்தில், இந்நிலையைத் தனி நிலையாக மீட்கலாம், மணமானவர்களுக்கும் வழங்கலாம் என்று முடிவாயிற்று. 1967-இல் போப் ஆறாம் பவுல் விதிமுறைகளை வெளியிட்டார். 1968-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் முதல் குழுவினருக்குத் திருநிலை வழங்கப்பட்டது. இன்று உலகெங்கும் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்திலும் ஐரோப்பாவிலும். ஆசியாவில் மிகக் குறைவு. பெண்களுக்கும் இதை வழங்கலாமா என்று ஆராயப் போப் பிரான்சிஸ் 2016-இலும் 2020-இலும் குழுக்கள் அமைத்தார், இன்றளவும் வழங்கப்படுவதில்லை.

அதே வத்திக்கான் சங்கம் வேறொரு சாசனத்தில், பல நாடுகளில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்கள் ஏற்கெனவே தியாக்கோன் செய்கிற வேலையைத்தான் செய்துவருகிறார்கள், அப்படிப்பட்டவர்களுக்கு இத்திருநிலை தந்து வலுப்படுத்துவது நல்லது என்று கருத்துத் தெரிவித்தது. தென் தமிழ்நாட்டுக் கிறித்தவக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சாமியார் மாதம் ஒருமுறை வந்தாலும் பெரிது. மணியடித்து, செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்து, சாவு வீட்டில் முன்னால் நின்றவர் உபதேசியாரோ கோயில்பிள்ளையோதான். அவருக்கும் வீடு உண்டு, வயல் உண்டு, பெண்டு பிள்ளை உண்டு.

செய்யக்கூடியதும் கூடாததும்

தியாக்கோன் திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணத்தைத் திருச்சபையின் சாட்சியாக நின்று நடத்தலாம், அடக்கச் சடங்கை நடத்தலாம், பூசையில் நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றலாம், நற்கருணை வழங்கலாம். பூசையை நிறைவேற்றவோ, பாவசங்கீர்த்தனம் கேட்கவோ, நோயில்பூசுதல் கொடுக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அவை குருவின் பணி. பூசை முடிவில் மக்களைச் சமாதானமாகப் போய்வரும்படி வழியனுப்பும் வாசகத்தைச் சொல்வது தியாக்கோனின் உரிமை. பூசைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'மிஸ்ஸா' என்ற பெயரே லத்தீனில் அந்த வழியனுப்பும் வாசகத்திலிருந்து பிறந்ததுதான். கோயிலிலிருந்து தெருவுக்கு மக்களை அனுப்புகிற வேலையைத் தெருவிலேயே வாழ்கிறவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் அணியும் தோள்பட்டிகை இடது தோளிலிருந்து குறுக்காக வலப்பக்கம் இறங்கும், நம்மூர்ப் பூணூல் போல. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தோன்றிய ஒப்புமைதான். குருவானவருக்கு அது இரண்டு தோளிலும் நேராகத் தொங்கும். பார்த்த மாத்திரத்தில் யார் குரு, யார் தியாக்கோன் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

கடைக்காரன் கண்ணில் பட்ட விதிகள்

1983-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டியபோது ஒரு விதி என்னை நிறுத்தியது. 286-ஆம் விதிப்படி திருநிலை பெற்றவர்கள் அனுமதியின்றி வியாபாரம் செய்யக் கூடாது. இரண்டு விதி தள்ளி 288-இல், நிரந்தரத் தியாக்கோன்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று எழுதியிருக்கிறது. அதாவது குரு கடை வைக்கக் கூடாது, தியாக்கோன் வைக்கலாம். அங்கியும் எப்போதும் அணிய வேண்டியதில்லை. தொழிலில் வருமானம் உள்ள மணமான தியாக்கோன் அதைக் கொண்டே தன்னையும் குடும்பத்தையும் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. ஆக, பணி உண்டு, சம்பளம் இல்லை.

ஆனால் வியாபாரத்துக்கு விட்டாலும் கடிவாளம் இல்லாமல் விடவில்லை. தியாக்கோனுக்கு வேண்டிய தகுதிகளைப் பவுலின் பெயரால் உள்ள ஒரு பழைய கடிதம் வரிசைப்படுத்துகிறது. இரட்டை நாக்குக் கூடாது. குடிக்கு அடிமையாகக் கூடாது. இழிந்த ஆதாயத்துக்கு ஆசைப்படக் கூடாது. ஒருத்தியை மணந்தவனாக, பிள்ளைகளையும் வீட்டையும் ஒழுங்காக நடத்துகிறவனாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எங்கள் அணுவிரதங்கள்தாம் நினைவுக்கு வந்தன. இல்லறத்தானுக்கு எங்கள் நூல்கள் விதிக்கும் ஐந்து சிறு விரதங்களில் வாய்மை, கள்ளாமை, தன் மனைவியோடு அமைதல், பொருளை அளவுபடுத்தல் நான்கும் இங்கே ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. கள்ளாமையைக் குலைக்கும் குற்றங்கள் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவன பெரும்பாலும் கடைவீதிக் குற்றங்களே. திருட்டுச் சரக்கு வாங்குவது, எடை அளவில் ஏமாற்றுவது, நல்லதில் போலியைக் கலப்பது.

நண்பர் இதை வேறு விதமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நான் பேசுறதை திங்கக்கிழமை ஆபீஸ்ல சரிபார்ப்பாங்க, அண்ணாச்சி. வவுச்சர்ல கையெழுத்துப் போடும்போது பக்கத்துல நிக்கிறவனுக்கு என் மறையுரை ஞாபகம் இருக்கும். சாமியாருக்கு இந்தத் தொல்லை கிடையாது." அவருடைய வேலைக்காலம் முழுதும் அப்படித்தான் கழிந்ததாம். காலைச் செபமும் மாலைச் செபமும் தியாக்கோனுக்குக் கடமை. அவர் அவற்றைப் பெரும்பாலும் லோக்கல் ரயிலில்தான் சொல்லி முடித்திருக்கிறார். நாங்கள் சாமாயிகம் என்று காலையிலும் மாலையிலும் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிஷம், அமைதியில் அமர வேண்டும். விரார் ரயிலில் அது எப்படி முடியும் என்று கேட்டேன். "இடிக்கிறவன்மேல கோபம் வராம ஒரு நாள் போனா, அன்னிக்குச் செபம் பலிச்சிருச்சுன்னு வச்சிக்குவேன்" என்றார்.

மனைவியின் சம்மதம்

மணமானவருக்கு இந்நிலை வழங்க இரண்டு நிபந்தனை. குறைந்தது 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனைவியின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் ஆயரே விரும்பினாலும் நடக்காது. இது வெறும் சடங்கு அல்ல என்பதற்கு இன்னொரு விதியைச் சொன்னால் போதும். திருநிலை பெற்றபின் மனைவி இறந்துவிட்டால், பொது விதிப்படி அவர் மறுமணம் செய்ய இயலாது. விலக்கு வேண்டுமானால் ரோமாபுரிக்கு எழுத வேண்டும். நாற்பது வயதில், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இதற்குச் சம்மதிப்பது இருவருக்கும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களிலும் ஒருவர் துறவு பூண்டால் குடும்பத்தாரிடம் விடை பெற்றே போக வேண்டும். ஆனால் அங்கே மனைவி விடை கொடுத்து அனுப்புகிறாள்; அதோடு அவர் வேறு, வீடு வேறு. இங்கே விடை கொடுத்த மனைவி அதே வீட்டில் அதே மனிதரோடு இருக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு யார் வீட்டிலோ நோய் என்று போன் வந்தால் அவர் கிளம்பிப் போவார். சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருப்பது அந்த அம்மாள். நண்பரின் துணைவியாரிடம் ஒரு நாள் கேட்டேன். "அன்னிக்கு ஒரு தடவைதான் கேட்டாங்க. ஆனா தினமும் சம்மதிக்க வேண்டியிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எந்தச் சட்டத் தொகுப்பிலும் இல்லாத விளக்கம் அது.

எங்கள் சாவக நெறியும் இதுவும்

இப்போது என் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். சமண இல்லறத்தானைச் 'சாவகன்' என்பது பழந்தமிழ் வழக்கு. அவனுக்குப் பதினொரு படிகள் உண்டு. சமந்தபத்திரர் வடமொழியில் செய்த இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பும் இவற்றை விவரிக்கும். இரண்டாம் படியில் பன்னிரண்டு விரதம். ஏழாம் படியில் பிரமசரியம். எட்டாம் படியில் தொழிலை விடுதல். ஒன்பதில் பொருளை விடுதல். பத்தில் வீட்டுக் காரியங்களுக்குச் சரி என்று சொல்வதையும் விடுதல். பதினொன்றில் வீட்டை விடுதல். ஆக எங்கள் ஏணி வாசல் வழியாக வெளியே போகிற ஏணி. அறுபதைத் தாண்டியும் கல்லாவை விடாமல் இருக்கிற என் போன்றவன் கீழ்ப்படிகளில் நிற்கிறவன்.

தியாக்கோன் நிலை இதற்கு மாறாக இருக்கிறது. ஆயிரம் வருஷம் மேலே போகும் படியாக வைத்திருந்த ஒன்றை எடுத்து, இது படி அல்ல, நிற்கும் இடம் என்று திருச்சபை மீண்டும் அறிவித்தது. அவர் குருவாகப் போவதற்காகத் தியாக்கோன் ஆகவில்லை. சாகும்வரை அதிலேயே இருப்பார். அவர் வேலையும், மாதச் சம்பளமும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணமும் விட வேண்டிய பற்றுகளாக அல்லாமல் பணிக்கு உரிய தளமாகவே கொள்ளப்படுகின்றன.

இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வினை முழுதும் அற்றால்தான் வீடுபேறு என்று நம்புகிற எங்களுக்கு அந்த ஏணி வேண்டும். இங்கே ஒரு அடிப்படை வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. திருநிலை என்பது இறைவன் அருளால் ஆயரின் கை வழியாக வருவது, ஒருமுறை பதிந்தால் அழியாது என்பது அவர்கள் நம்பிக்கை. எங்களுக்கு அருள் தருவோர் யாரும் இல்லை. அவரவர் முயற்சியே அவரவர்க்கு. "நான் செய்யலை அண்ணாச்சி, என் மூலமா நடக்குது" என்பார் அவர். "நீங்க செய்யுறதாலதான் சார் நடக்குது" என்பேன் நான். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் இந்த ஒப்பீட்டால் எங்கள் நூலையே மறுபடி எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு விரதத்தில் கடைசியாகச் சமந்தபத்திரர் வைத்தது வையாவிருத்தியம். பணிவிடை என்பதே அதன் பொருள். முதன்மையாகத் துறவிகளுக்குச் செய்வது. உணவு கொடுத்தல், நோயில் உதவுதல், கால் பிடித்துவிடுதல் உட்பட. இதோடு எல்லா உயிர்க்கும் உரிய நால்வகைத் தானம் எங்கள் மரபில் உண்டு: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். இவை எல்லாம் எந்தப் படியில் சொல்லப்படுகின்றன? இரண்டாம் படியில். அதாவது கடையை மூடச் சொல்லுமுன்பே, பிரமசரியம் கேட்குமுன்பே, பணிவிடையைக் கேட்டுவிட்டார் ஆசிரியர். தொண்டு செய்ய மேல்படிக்குப் போக வேண்டியதில்லை என்று எங்கள் நூலும் சொல்லித்தான் இருக்கிறது. 'வயசாகட்டும், பொறுப்பெல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று நாம் ஒத்திவைப்பதற்கு நூலில் இடமில்லை.

நமக்கு என்ன?

ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஊரில் கோயில் இருக்கிறது, மடம் இருக்கிறது, பங்குச் சாமியார் இருக்கிறார். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் நல்லது கெட்டது நடந்துவிடும். இங்கே அப்படி இல்லை. மேல்சித்தாமூர் மடத்திலிருந்தும் வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த எங்கள் நயினார் குடும்பங்களில், ஒருவர் மரணப்படுக்கையில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்ச நமஸ்காரம் சொல்லி, பன்னிரண்டு சிந்தனைகளைத் தமிழில் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் இந்நகரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஊரிலிருந்து உபாத்தியாயரை வரவழைத்து முடிவதில்லை. உயிர் ரயில் வரும்வரை காத்திருக்காது.

நண்பர் ஒருமுறை சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் நடத்திய அடக்கம் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். இறந்தவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சில்லறை வேலை செய்து வாழ்ந்தவர். பங்குக் குருவுக்குத் தமிழ் தெரியாது. தியாக்கோன் அங்கி அணிந்து, அந்தக் குறுக்குப் பட்டிகையோடு, தமிழில் செபம் சொன்னார். இறந்தவரின் வயதான தாயார் அதுவரை கல்லாக நின்றவர், தமிழ்ச் செபத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். முடிந்ததும் நண்பர் அங்கியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, குழி வெட்டியவர்களுக்குக் கூலி போதுமா என்று விசாரித்தார். பிறகு அந்த அம்மாளுக்கு டீ வாங்கிக் கொடுத்து டாக்சியில் ஏற்றிவிட்டார். எருசலேமில் ஏழு பேர் எதற்காக நியமிக்கப்பட்டார்களோ அந்த வேலை இதுதான் என்று எனக்குப் பட்டது. வேற்று மொழி ஊரில், ஒரு விதவையின் பங்கு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது.

நம் சங்கத்தில் யாரும் யாருக்கும் திருநிலை கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். அவரவர் சமயத்தில் அவரவர் நிற்கட்டும். ஆனால் ஒவ்வொரு சமயத்தாரிலும் இல்லறத்தில் இருந்துகொண்டே இப்பணிக்குத் தகுதியானவர் ஓரிருவர் நம்மிடையே இருக்கிறார்கள். தேவாரம் தெரிந்த ஒரு வங்கி ஊழியர், ஜனாஸா தொழுகை நடத்தத் தெரிந்த ஒரு துணிக் கடைக்காரர், செபம் சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியை, சாத்திரம் படித்த ஒரு நயினார் வீட்டுப் பெண்மணி. அவர்களைக் கண்டுபிடித்து, உங்களை நம்புகிறோம் என்று நாம் வாய்திறந்து சொல்ல வேண்டும். எஃப்ரேமிடம் எதெஸ்ஸாக்காரர்கள் சொன்னது அவ்வளவுதான். அவர் மனைவியையோ கணவரையோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் முறை. திருச்சபைச் சட்டத்திலிருந்து இதை நாம் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

இரண்டாவது காரியம் ஒரு பதிவேடு. ரோமாபுரியில் ஏழு பேர் ஆயிரத்து ஐந்நூறு பேரைக் கவனித்தது ஆள் ஆளாகத் தெரிந்து வைத்திருந்ததால்தான். நம் வட்டாரத்தில் தனியாக இருக்கும் முதியவர் யார், டயாலிசிஸுக்குப் போக ஆள்துணை இல்லாதவர் யார், புதிதாக வந்து வாடகை வீட்டில் தவிக்கிற குடும்பம் எது என்று நம் சங்கத்தில் இன்று எழுத்தில் இல்லை. கணக்கு எழுதிப் பழகிய கை என்னுடையது. தெரிந்த பெயர்களைச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் பன்னிரண்டுக்கு மேல் கடையில்தான் இருப்பேன்.